மெட்டுகளுக்கு நடுவே ஒரு தோடி

தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அசைக்காமல் பிடித்தால் தோடியே போய்விடும். 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தபோது, அதன் மேல் சொல்லப்பட்ட பெரிய குறை இதுதான்: கட்டையை அழுத்தினால் நிலைத்த ஸ்வரம் வரும், இப்படி அசையும் கமகம் வராது.

மாண்டலினையும் அதே வரிசையில் நிறுத்தியிருக்கலாம். இத்தாலியக் கருவி. குட்டைக் கழுத்து, அதில் நெருக்கி நெருக்கிப் பதித்த மெட்டுகள், ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள். ஒரு ஜோடியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாமல் சுருதி பிசகும். மீட்டிய நாதமோ கணத்தில் அடங்கிவிடும். ராக ஆலாபனைக்கு இதைவிடப் பொருந்தாத வாத்தியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதைத்தான் யு. ஸ்ரீநிவாஸ் கையில் எடுத்தார். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பா சத்யநாராயணா வீட்டில் வைத்திருந்த மாண்டலினைச் சிறு வயதிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார். குருவாக அமைந்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் கொண்டுவருவான். என் கணிப்பில், ஸ்ரீநிவாஸின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய நல்லது இதுவே. வாத்தியக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால், எந்த விரலை எங்கே வைப்பது என்பதோடு, மாண்டலினில் எதெல்லாம் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருப்பார். சுப்பராஜு கொடுத்தது பாட்டு மட்டும். அதை விரலுக்குக் கொண்டுவரும் வழியைப் பையனே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கண்டும் பிடித்தார். ஜோடித் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார். கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி ஒன்று சேர்ந்தது. மின் மாண்டலின் என்பதால் நாதம் நீண்டு நின்றது. நீண்டு நிற்கும் நாதத்தைத்தான் வளைக்க முடியும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும், மெட்டுகளின் மேல் வழுக்கிச் சென்றும் கமகத்தை வரவழைத்தார். அவருடைய ஜாருவை, அதாவது அந்த வழுக்கலை, உற்றுக் கேளுங்கள்: நடுவே எத்தனையோ மெட்டுகளைத் தாண்டியும், ஒன்றின் தடம்கூடக் காதில் படாமல் போய்ச் சேரும். துரித காலத்துக்குத்தான் அவருக்குக் கைதட்டல் அதிகம் விழுந்தது. எனக்கு விளம்ப காலம்தான் உசத்தி. குரல் மூச்சு விடும் இடத்தில் அவரும் விடுவார்.

1981 டிசம்பர் சீசனில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் சென்னை அவரை முதன்முதலாகக் கேட்டது. வயது பன்னிரண்டு. 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1995-ல் கனடாவின் மைக்கேல் புரூக்கோடு 'ட்ரீம்' வெளிவந்தது. பிறகு 'ரிமெம்பர் சக்தி' குழு: ஜான் மெக்லாக்லின், ஜாகிர் ஹுசேன், கஞ்சிராவில் செல்வகணேஷ், அவர்களோடு இவர்.

மெக்லாக்லினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாஸ் கிட்டாரில் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். எழுபதுகளின் 'சக்தி' குழுவுக்காக ஒரு தனி கிட்டார் செய்யவைத்தார். அதில் மெட்டுகளுக்கு இடையே இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரலுக்கு அடியில் பள்ளம் இருந்தால் தந்தியை இஷ்டம்போல வளைக்கலாம். ஆக, பாலகொல்லுப் பையன் மாண்டலினில் எதைத் தேடினானோ அதைத்தான் யார்க்‌ஷயரில் பிறந்த ஜாஸ்காரரும் கிட்டாரில் தேடியிருக்கிறார். அவர்கள் சேர்ந்து வாசித்ததைக் கலப்பிசை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஸ்ரீநிவாஸ் அந்த மேடைக்காகத் தன் கர்நாடக சங்கீதத்தில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. அது முழுசாக இருந்ததால்தான் அவரை அழைத்தார்கள்.

இன்னொரு மேற்கத்திய வாத்தியமான சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் கதையும் இப்படித்தான். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். 1994-ல் 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் அவரை வாசிக்கவைத்தபோது, கல்யாண வசந்த ராகம் எந்தச் சபாவுக்கும் போகாதவர்கள் வாயிலும் முணுமுணுப்பாக வந்தது.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் காலமானார். 45 வயது, ஒரு வித்வானுக்கு ஞானம் கனியத் தொடங்கும் பருவம். அந்த வயதில் போய்விட்டாரே என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவரிடமே கற்ற தம்பி யு. ராஜேஷ் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ஒரு கச்சேரிப் பதிவின் விஸ்தாரமான ஆலாபனையில் தொடங்குங்கள். 'ரிமெம்பர் சக்தி'க்கு அதன் பிறகு போங்கள். அங்கே கிட்டார் ஸ்வரங்களைக் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிட்டு நிறுத்தும்போது, பதிலுக்கு மாண்டலின் ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்து நிதானமாக அசைக்கும் இடங்கள் வரும். அவற்றை இரண்டு முறை கேளுங்கள்.