மணலின் அடியில்: முருகைத் தொட்டிகளின் அடித்தள மரபுகள்

நீர் கட்டி நிற்கும் வயலில் யூரியாவை மேலால் வீசினால் அதில் ஒரு பங்கு பயிருக்குச் சேராமலே போய்விடும். சேற்றின் மேல்தோலில் மட்டுமே ஒட்சிசன் இருக்கிறது. அங்கே யூரியாவின் நைதரசன் நைத்திரேற்றாகிறது. அது கீழே கருஞ்சேற்றுக்குள் இறங்கியதும், காற்றில்லாமல் வாழும் பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கி வானத்துக்கு விட்டுவிடுகின்றன. பசளையை ஆழத்தில் இடு என்று கமக்காரருக்குச் சொல்லப்படுவது இதனால்தான். அவருக்கு நட்டமாகும் இதே நிகழ்வுதான் கடல்நீர்த் தொட்டியில் முருகை வளர்ப்பவருக்கு வேண்டியது. மீன் கழிவு அமோனியாவாகி, பிறகு நைத்திரேற்றாகி நீரில் சேர்ந்துகொண்டே போகும். அது மிஞ்சினால் பாசி ஏறும், முருகைகள் நிறம் மங்கி நலியும். அதை வாயுவாக்கி வெளியேற்றக் காற்றில்லாத ஓர் இடம் தொட்டிக்குள் எங்காவது வேண்டும். அந்த இடம் எது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. இரணைமடு நீரில் வயல் செய்த வட்டக்கச்சியாருக்கு இந்த விவாதத்தின் வேர் நன்றாகவே விளங்கும் என்பதால் அதை இந்த மலரில் எழுதுகிறேன்.

பழைய முறை துளைத்தட்டு முறை. தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டு, அதன்மேல் உடைத்த முருகைக்கல்லோ சிப்பித்தூளோ. நீர் அந்தப் படுக்கையூடாக ஓயாமல் இழுக்கப்படும். படுக்கை முழுவதும் காற்று கிடைப்பதால் அமோனியா விரைவில் நைத்திரேற்றாகும், ஆனால் அந்த நைத்திரேற்று அங்கேயே தங்கிவிடும். மீன்கள் பிழைத்தன, முருகைகள் பிழைக்கவில்லை.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961இல் எழுதிய ஒரு கட்டுரை இதை மாற்றியது. வடிகருவி எதுவும் இல்லாமல், உயிரினங்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், கடல்நீர், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழி ஆகியவற்றை மட்டும் கொண்டு அவர் முருகைகளை வளர்த்தார். நுண்துளை நிறைந்த அந்தப் பாறையின் உட்பகுதியே காற்றில்லாத இடமாக வேலை செய்தது. ஜெர்மனிய ஆர்வலர்கள் இதனோடு ஸ்கிம்மர் எனும் நுரைபிரி கருவியையும் சுண்ணாம்பு நீரையும் சேர்த்து வளர்த்தெடுத்ததுதான் பெர்லின் மரபு. பீட்டர் வில்கன்ஸ், டீட்ரிக் ஸ்டூபர் ஆகியோரின் பெயர்கள் அதனோடு ஒட்டியவை. ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த கிளைமுருகையின் துண்டுகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பாவெங்கும் பரவின. கடலில் உடைக்காமலே முருகையைப் பெருக்கலாம் என்று காட்டிய அந்தச் செயலை இந்தத் துறையின் மிகப் பெரிய நன்மையாக நான் மதிக்கிறேன். பெர்லின் மரபில் மணல் மெல்லிய படலம்தான், அல்லது இல்லவே இல்லை. இன்று வெறும் கண்ணாடி அடியோடு, பலத்த நீரோட்டம் வைத்து கிளைமுருகை வளர்ப்போர் இதே வழியில் வந்தவர்கள்.

மறுபக்கம் மணலை நம்பியவர்கள். மொனாக்கோவில் ழான் ஜோபேர் 1980களில் வகுத்த முறையில் அடியில் சில சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் மட்டும் நிற்கும் வெற்றறை இருக்கும், அதன்மேல் வலை, அதற்குமேல் தடித்த முருகை மணல். ஒட்சிசன் மிகக் குறைந்து, ஆனால் முற்றாக அற்றுப்போகாமல் இருப்பதற்காக அந்த அறை. 1990களில் அமெரிக்க விலங்கியலாளர் ரொனால்ட் ஷிமெக், அறையும் வேண்டாம், 10 சென்ரிமீற்றருக்கு மேல் நுண்மணல் போதும் என்றார். அவருடைய முறையின் உயிர் மணலில் வாழும் புழுக்கள்தான். அவை ஓயாமல் துளைத்துக் கிளறாவிட்டால் மணல் இறுகிக் கட்டியாகும், சில ஆண்டுகளில் அழுக்குக் களஞ்சியமாகும். நிறையப் பேர் மணலை ஆழமாகப் போட்டார்கள், புழுக்களை மறந்தார்கள். ஆழ்மணல் முறைக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அந்த மறதியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 1 முதல் 2 மில்லிமீற்றர் பருமனுள்ள அரகோனைற் எனும் சுண்ணாம்பு மணல், 3 சென்ரிமீற்றர் உயரம். 60க்கு 45 சென்ரிமீற்றர் அடியுள்ள தொட்டிக்கு அது ஏறத்தாழ 12 கிலோ வரும். இதைவிட நுண்ணிய மணல் நீரோட்டத்தில் எழும்பி முருகைமேல் படியும். பருமனான உடைமுருகையின் இடுக்குகளில் உணவு மிச்சம் தங்கி அழுகும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் வகை மீன்களுக்கு 5 சென்ரிமீற்றராவது வேண்டும். ஆகவே மீனை முதலில் தீர்மானியுங்கள், மணல் பிறகு. அரகோனைற் கரைந்து நீரின் காரத்தன்மையைத் தானே காக்கும் என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. பிஎச் 8.2 அளவிலுள்ள மேல்நீரில் அது அனேகமாகக் கரைவதில்லை. அமிலம் கூடிய ஆழ்மணலில்தான் கொஞ்சம் கரையும். கல்சியத்தை லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை வைத்திருப்பது வளர்ப்பவரின் வேலை.

எங்கள் பக்கத்து மணல் ஆகாதா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. ஒரு சிட்டிகையில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மணல், சும்மா கிடந்தால் படிகக்கல் மணல். அம்பன் பக்கத்து வெண்மணல் கண்ணைப் பறித்தாலும் அது கண்ணாடி செய்யும் சிலிக்கா, நுரைக்காது. அதனால் கேடில்லை, ஆனால் காரத்தன்மைக்கு எந்த உதவியும் இல்லை. புல்மோட்டைக் கருமணல் அறவே வேண்டாம். அதிலுள்ள இல்மனைற் துணிக்கைகள் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறிவிடும். கனகராயன் ஆற்று மணலில் வண்டல் இருக்கிறது.

கரையில் கிடக்கும் முருகைக்கல்லை அள்ளி உடைக்கும் எண்ணம் வந்தால், அக்குரலவை நினைக்க வேண்டும். தென்கரையில் அங்கே சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பல காலம் முருகைக்கல் தோண்டினார்கள். 2004 ஆழிப்பேரலை, பாறைத்தொடர் அழிந்துபோன கரைகளில் கூடுதலாக உள்ளே புகுந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் முருகைக்கல் எடுத்ததால் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கின்றன. கடைகளில் விற்கும் அரகோனைற் மணலில் பெரும்பங்கு பஹாமாஸ் கடலில் தானே உருண்டு திரண்ட சுண்ணாம்பு மணிகள்தான், உடைத்த முருகை அல்ல. பொதியில் பிறந்த இடம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய தொட்டியை இடம் மாற்றுவோருக்கு ஒரு எச்சரிக்கை. ஆழ்மணலை மீன்கள் உள்ளே இருக்கும்போது கிளறக் கூடாது. கூழ்முட்டை மணம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு, மீன்களை நிமிடங்களில் கொல்லக்கூடியது. மீன்களையும் பாறைகளையும் முதலில் வேறு நீருக்கு மாற்றி, பழைய மணலை எறிந்துவிட்டு, புதிய மணலைக் கழுவிப் போட்டு, அதில் பழைய மேல்மணலிலிருந்து ஒரு கோப்பை மட்டும் விதையாகத் தூவினால் போதும்.