கயிறு இருந்தும் இல்லாத இடம்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மேல் யோசெமிட்டி அருவிக்குப் பக்கத்தில், பெருஞ்சுவரிலிருந்து விலகி நிற்கும் கருங்கல் ஊசி ஒன்று உண்டு. லாஸ்ட் ஏரோ என்று பெயர். அதன் உச்சியில் மனிதக் கால் முதலில் பட்டது 1946 செப்டம்பரில். பட்ட விதம் கொஞ்சம் குறும்பானது. நான்கு பேர் கொண்ட குழு கயிற்றை ஊசியின் தலைக்கு மேல் வீசிப்போட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்தே மேலே போய்ச் சேர்ந்தது. அந்த நால்வரில் ஒருவர் ஆன்டன் நெல்சன். இது அவருக்கே நிறைவு தரவில்லை போலும். மறு ஆண்டு ஜான் சலாத்தேயோடு ஊசியின் அடிவாரத்துக்கே போய், சுவருக்கும் ஊசிக்கும் நடுவிலுள்ள நீண்ட பிளவு வழியாக ஐந்து நாள் ஏறி உச்சியைத் தொட்டார். அந்தப் பிளவுதான் லாஸ்ட் ஏரோ சிம்னி.

இன்று அந்த ஊசிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சுவரின் மேல்விளிம்புக்கு நடந்து போய், கயிற்றில் இறங்கி, நுனியை மட்டும் ஏறி, இரு பக்கமும் கட்டிய கயிற்றில் தொங்கியபடி திரும்புகிறார்கள். படம் எடுக்க அருமையான இடம். கீழேயுள்ள சிம்னிக்கு ஆள் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால் மரபுவழிப் பாறையேற்றக்காரர்கள் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இக்காலத்தவருக்கு உழைக்க மனமில்லை. நான் இதைப் பாதிதான் ஏற்கிறேன்.

மரபுவழி என்பதன் விதி எளியது. முன்னால் ஏறுபவர் பாறையிலுள்ள பிளவுகளில் தாமே கருவிகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றி எடுத்துவர வேண்டும். பாறையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. விரல் நுழையும் பிளவிலும் கை நுழையும் பிளவிலும் இந்த விதி அழகாக வேலை செய்கிறது. பிளவு அகல அகல அது திணறத் தொடங்குகிறது. பிளவுக்குள் வைத்ததும் விரிந்து பற்றிக்கொள்ளும் கேம் என்ற கருவி ஓர் அகலம் வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் பிக் ப்ரோ என்னும் நீளும் குழாய் இருக்கிறது. கிரெய்க் லுபென் 1980களில் கொலராடோவில் பொறியியல் மாணவராக இருந்தபோது வடிவமைத்தது அது. உடம்பு முழுவதும் நுழையும் சிம்னி வந்துவிட்டால் குழாயும் பெரும்பாலும் எட்டாது.

அப்போது உடம்பே கருவியாகிறது. உறைக்கிணற்றில் இரு பக்கமும் காலை அண்டக்கொடுத்து இறங்குபவரைப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்திருக்கும். முதுகு ஒரு சுவரில், பாதம் எதிர்ச்சுவரில். உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே ஊன்றி, முதுகைச் சற்று எடுத்து, ஒரு சாண் மேலே நகர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும். பிளவு குறுகினால் இந்த வசதியும் போய்விடும். முழங்காலும் குதிகாலும் முழங்கையுமாக அங்குலம் அங்குலமாக ஊர வேண்டியதுதான். எந்தப் பக்கம் பார்த்து நுழைவது என்பதை நுழையும் முன்பே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே திரும்ப இடமிருக்காது. தலைக்கவசம் இடுக்கில் சிக்கிக்கொண்டால் நிமிர்ந்து பார்க்கவும் முடியாது. முதுகுப்பையைக் கழற்றி இடுப்பிலிருந்து தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். விரல் வலிமையை நம்பியிருப்பவர் இங்கே சட்டையைக் கிழித்துக்கொள்வார். பொறுமையும் மூச்சுக் கட்டுப்பாடும் உள்ள சுமாரான ஏற்றக்காரர் மெல்ல ஏறிப் போய்விடுவார். பாறையேற்றத்தில் இவ்வளவு முழுமையாக உடம்பைக் கேட்கும் வேறு வகை இல்லை என்பது என் எண்ணம். இதன் பெருமையை நான் குறைக்க வரவில்லை.

கணக்கு இடிப்பது கயிற்றில்தான். கடைசிக் கருவிக்கு மேலே 10 மீட்டர் ஏறியவர் வழுக்கினால் அந்த 10 மீட்டரும் கீழே இன்னொரு 10 மீட்டரும் விழுவார், கயிறு நீளும் தூரம் தனி. வெட்டவெளியான சுவரில் அது காற்றில் விழும் விழுகை. சிம்னியிலோ இரு சுவர்களிலும் மோதிக்கொண்டே விழ வேண்டும். நல்ல ஏற்றக்காரர்கள் உள்சுவரில் ஒரு சிறு வெடிப்பைத் தேடிப் பிடித்து அதில் ஒரு கருவி வைப்பார்கள் என்பது உண்மை. வெடிப்பு இல்லாத நீளத்தில் என்ன செய்வது? கயிறு கட்டியிருந்தும் தனியாக ஏறுகிற நிலைதான். இதை மரபுவழி என்று அழைத்து, கருவி வைத்து ஏறும் மற்றப் பாதைகளோடு ஒரே தட்டில் நிறுத்துவது முதல் பிழை. சூதாட்டம் என்று சொல்லியே ஒருவர் ஆடலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. பெயரை மாற்றிச் சொல்லிப் புதியவரை உள்ளே அனுப்புவதைத்தான் குறை சொல்கிறேன்.

தர எண்களும் இந்தக் குழப்பத்தில் பங்கெடுக்கின்றன. பாதையின் கடினத்தை அளக்கும் அமெரிக்கப் பதின்ம அளவுகோலுக்கு நெடுங்காலம் 5.9தான் கூரை. அந்தக் கூரைக்குள் அடக்கி எண் கொடுக்கப்பட்ட பழைய சிம்னிகள் இன்றும் 5.7, 5.8 என்ற சாதுவான முகத்தோடு ஏட்டில் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளரங்குச் செயற்கைச் சுவர்களில் 5.11 ஏறியவர் அங்கே போய் அழுத கதைகளை ஏற்றக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஓர் எண் ஆளை ஏமாற்றுகிறதென்றால் கோளாறு அந்த எண்ணில்தானே?

இனி மரபு என்ற சொல்லுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லரான சலாத்தே, பிளவில் அடிக்கும் மெல்லிரும்பு ஆணிகள் யோசெமிட்டியின் கருங்கல்லில் வளைந்துபோவதைக் கண்டு, கடினமான எஃகில் தாமே ஆணி செய்துகொண்டவர். 1947இல் சுத்தியலும் துளையாணியும் இல்லாமல் அவரும் நெல்சனும் லாஸ்ட் ஏரோ சிம்னியைத் தாண்டியிருக்க முடியாது. ஆணியில் தொங்காமல் கைகாலை மட்டும் நம்பி அதை முழுதும் ஏறியவர்கள் சக் பிராட்டும் ஃபிராங்க் சாக்கரரும், 1964இல். மறு ஆண்டு பிராட், ட்விலைட் ஸோன் என்ற அகலப் பிளவில் இன்று நாம் வைக்கும் பெரிய கேம்கள் எவையும் இல்லாமல் முன்னேறினார். இன்று அதே பிளவில் கேமைத் தள்ளித் தள்ளி மேலே கொண்டுபோகிறவர் அதே பாதையில்தான் ஏறுகிறார், அதே ஏற்றத்தை அல்ல. ஆகவே மரபு என்பது ஒரே இடத்தில் நின்ற பொருளன்று. தலைமுறைக்கு ஒரு கருவி வந்து அதை மாற்றியிருக்கிறது.

பாறையைக் காயப்படுத்தாமல் ஏறுவது என்ற அறம் பரவலாக வேரூன்றியது 1970களில். 1972இல் வந்த, கருவித் தயாரிப்பாளர் ஷூயினார்டின் விற்பனைப் பட்டியலே அதற்கு அறிக்கை போல அமைந்தது. அதற்கு முன்பு ஆணி அடித்து அடித்துப் பிடுங்கிய தழும்புகளை யோசெமிட்டியின் செரினிட்டி கிராக்கில் இன்றும் காணலாம். அங்கே விரல் வைக்கும் குழிகளே அந்தத் தழும்புகள்தான். அகலமான சிம்னிகள் பெரிதும் தப்பின. காரணம் ஏறியவர்களின் ஒழுக்கமல்ல, அந்த அகலத்துக்கு ஆணியே இல்லை. அந்தக் கன்னிமையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படி வந்த நன்மையானாலும் நன்மைதான், அதைக் காக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

ஆள் போகாத பாதையின் விலை வேறு. அடிக்கடி ஏறும் பிளவில் உதிரக்கூடிய கல் எப்போதோ உதிர்ந்திருக்கும். ஆளரவமற்ற சிம்னியில் இடுக்கில் சிக்கிய கற்கள் அடுத்த கைக்காகக் காத்திருக்கும், கீழே கயிறு பிடிப்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. மண், பாசி, ஈரம், பறவை எச்சம் எல்லாம் உண்டு. இவற்றைக் குறையென்று நான் எண்ணவில்லை, மலை மலையாக இருக்கிறது, அவ்வளவே. குறை எதுவென்றால், நடுநடுவே நின்று கயிறு பிடிக்கும் இடங்களில் பழைய துருப்பிடித்த இரும்பை வரலாறு என்று விட்டுவைக்கும் மனப்பான்மை. அந்த இரும்பில்தான் இரண்டு உயிர்களும் சேர்ந்து தொங்குகின்றன. யோசெமிட்டியில் மின்துளைப்பான் தடை, கையால்தான் துளைக்க வேண்டும். அதனால் பாறையில் துளைத்துப் பொருத்தும் ஒரு போல்ட்டை மாற்றுவது கடும் வேலை. அந்த உழைப்பைச் செய்யாமல் அச்சத்தை மரபாக்குவது சோம்பலுக்குப் போட்ட பொன்முலாம்.

என் தீர்ப்பு இது. ஏறும் நீளத்தில் புதிதாக ஒரு போல்ட்டும் வேண்டாம். பிராட் வெறும் உடம்பால் கடந்ததை நாம் துளைத்துக் கடப்பதில் நியாயமில்லை. நிற்கும் இடங்களில் பழைய இரும்பு எடுக்கப்பட்டு நல்ல எஃகு வர வேண்டும். வழிகாட்டி ஏடுகள் எண்ணுக்குப் பக்கத்தில், எத்தனை மீட்டருக்குக் கருவி வைக்க இடமில்லை என்பதை மறைக்காமல் அச்சிட வேண்டும். அதைப் படித்த பிறகும் சிம்னிக்குள் நுழைகிறவர், எந்தத் தோள் உள்ளே இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.