வழிபாட்டு முறையும் வர்க்க உணர்வும்: அப்பலாச்சிய மலைச் சபைகள் பற்றிய சில சிந்தனைகள்

1

மதம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், மார்க்ஸ் 1844 இல் கையாண்ட அபின் என்னும் உவமையை மட்டும் எடுத்துக்காட்டி விடயத்தை முடித்துவிடும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவ்வுவமை இடம்பெறும் பந்தியை முழுமையாக வாசிப்போர், மதத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும், அதே வேளையில் அத்துன்பத்துக்கு எதிரான கண்டனக் குரலாகவும் மார்க்ஸ் அங்கே இனங்கண்டிருப்பதை அறிவர். ஏங்கெல்சும் 1894 இல் ஆதிக் கிறிஸ்தவம் பற்றி எழுதியபோது, அதனைத் தம் காலத்துத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டே நோக்கினார். ஆயினும், இவ்விரு பண்புகளும் ஒரு குறிப்பிட்ட சமூகத்தில், குறிப்பிட்ட வழிபாட்டு முறைகளினூடாக எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய முற்பட்டோர் சிலரே.

இக்கட்டுரையில் ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியை, சிறப்பாகக் கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள நிலக்கரிச் சிற்றூர்களை எடுத்துக்கொள்கிறோம். உலக முதலாளித்துவத்தின் தலைமை நாட்டினுள்ளேயே ஒரு குடியேற்ற நாடு போலச் சுரண்டப்பட்ட பிரதேசம் அது. அங்குள்ள மக்கள் ஞாயிறு தோறும் எங்கே கூடினர், எவ்வாறு பாடினர், யார் அவர்களுக்குப் பிரசங்கித்தனர் என்ற வினாக்கள் வெறும் சமயவியல் வினாக்கள் அல்ல என்பதே எமது வாதமாகும்.

2

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் பாதையும் நிலக்கரிக் கம்பனிகளும் இம்மலைகளுள் புகுந்தன. ஹார்லன் கவுண்டியிலுள்ள லிஞ்ச் என்னும் ஊரை 1917 முதல் அமெரிக்க உருக்குக் கம்பனியின் துணை நிறுவனமொன்று கட்டியெழுப்பியது. வீடு, கடை, வைத்தியசாலை, பாடசாலை யாவும் கம்பனியின் உடைமை. தேவாலயமும் அவ்வாறே. இத்தகைய ஊர்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ஆலயங்கள் இருந்தன. குருவானவரின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கம்பனி வழங்கியது. சில இடங்களில் அது தொழிலாளரின் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது. அங்கே பிரசங்கம் எழுதப்பட்டது. பாட்டு ஓர்கன் இசையோடு அடக்கமாகப் பாடப்பட்டது. ஆராதனை குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தது. சுரங்கத்தின் கால ஒழுங்கும் ஆலயத்தின் கால ஒழுங்கும் ஒன்றாயின எனலாம்.

ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், பழைய பலகைக் கட்டடமொன்றில் இன்னொரு சபை கூடியது. பழைய ஒழுங்கு பப்டிஸ்ட் எனப்படும் இச்சபைகளின் தாய்ச் சங்கமான நியூ சேலம் சங்கம் 1825 இல் தோன்றியது. இவர்களுடைய பிரசங்கிகள் சம்பளம் பெறாதவர்கள். இறையியற் கல்லூரிப் படியேறாதவர்கள். வாரநாட்களில் நிலத்தை உழுதவர்கள், பின்னர் சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள். மாதத்துக்கொரு முறை சபை கூடும். பல பிரசங்கிகள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவர். ஆராதனை மணிக்கணக்காக நீளும்.

மூன்றாவதாக, முகாம்களின் ஓரத்தில், கடைசியாக வந்த ஏழைகளிடையே பரிசுத்த இயக்கச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் எழுந்தன. கிற்றாரும் தம்புரீனும் ஒலிக்க, உரத்த செபமும் அந்நிய பாஷையும் நோயாளர்மீது கைவைத்து வேண்டுதலும் இச்சபைகளின் முறை. பழைய பப்டிஸ்டுகள் பெண்களுக்கு மறுத்த பிரசங்க மேடை இங்கே பெண்களுக்குப் பல இடங்களில் திறந்திருந்தது.

ஒரே சிற்றூரின் மூன்று வழிபாட்டு முறைகள் இவை. மேற்பார்வையாளர் எங்கே அமர்ந்தார், கரிவெட்டுபவர் எங்கே அமர்ந்தார் என்பதை அறிந்துகொள்ள அவ்வூரின் கூலிப்பட்டியலைப் பார்க்கவேண்டியதில்லை. பாட்டைக் கேட்டாலே போதும்.

3

பழைய பப்டிஸ்டுகளின் பாடல் முறை தனியே கவனிக்கத்தக்கது. சபைத் தலைவர் ஒருவர் பாட்டின் ஓரடியை விரைவாக, ஓதுவதுபோல் சொல்வார். சபையோர் அவ்வடியை மிக மெதுவாக, வாத்தியத் துணையின்றி, ஒவ்வோர் எழுத்தையும் இழைத்து நெளித்துப் பாடுவர். அடுத்த அடி மீண்டும் சொல்லப்படும். எல்லாரும் ஒரே மெட்டையே பாடுகின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் குரலின் போக்கில் அதனை அலங்கரிக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும், எழுத்தறியாதோரும் புத்தகமில்லாதோரும் பாடும் பொருட்டு 1644 ஆம் ஆண்டின் வெஸ்ற்மினிஸ்ரர் வழிபாட்டுக் கையேடு அனுமதித்த முறை இது. நகரச் சபைகள் பின்னர் இதனை நாகரிகமற்றதென ஒதுக்கின. மலைச்சபைகள் வைத்துக்கொண்டன. 1997 இல் இம்மக்களின் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தபோது, அதனைக் கேட்ட இசை அறிஞர்கள் பலர் வியப்படைந்தனர்.

வறுமையால் பிறந்த ஓர் உத்தி, வறுமையின் அடையாளமாக மட்டும் எஞ்சவில்லை என்பதே இங்கு முக்கியம். தலைவன் அடியைத் தருகிறான். பாட்டைச் சபை ஆக்குகிறது. எவரது குரலும் மறைக்கப்படுவதில்லை, எவரது குரலும் தனித்து நிற்பதுமில்லை. தனிமனித இரட்சிப்பை வலியுறுத்தும் இறையியலைக் கொண்ட ஒரு சபை, தன் கலை வடிவில் கூட்டுத்தன்மையைப் பேணுகிறது. இறையியலும் வடிவமும் இவ்வாறு முரண்பட்டு நிற்பதைக் காணாத திறனாய்வு, மக்களின் பாதி அனுபவத்தையே காணும்.

இச்சபைகள் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் சடங்கையும் பேணுகின்றன. ஊதியமற்ற குருத்துவம், வெளியார் நிர்வாகமின்மை, பணிவு ஆகியன கொள்கையளவில் வற்புறுத்தப்படுகின்றன. இவற்றின் வரலாற்றுப் பின்னணி மிஷன் எதிர்ப்பாகும். 1827 இலும் 1832 இலும் பப்டிஸ்டுகளிடையே ஒரு சாரார், மிஷன் சபைகளும் இறையியற் கல்லூரிகளும் பணத்தை வேதமாக்குகின்றன என எதிர்த்துப் பிரிந்தனர். வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷன் சங்கமே 1817 இல் அப்பலாச்சியத்தின் தென்கோடியில் செரோக்கி மக்களிடையே பிரெய்னெர்ட் மிஷனையும் நிறுவியது என்பதை எமது வாசகர் நினைவுகூரலாம். மிஷன் எமக்கு அச்சுக்கூடத்தையும் கல்லூரியையும் கொணர்ந்ததால், அதனை எதிர்த்த வெள்ளையரான ஏழை விவசாயிகளை அறியாமையின் உருவங்களாகக் காண்பது எமக்கு எளிது. அவர்களது எதிர்ப்பில் அறியாமையும் இருந்தது. நகரப் பணத்தின்மீதான நியாயமான ஐயமும் இருந்தது.

4

இம்மக்களைப் பற்றி வெளியார் எழுதியவற்றுள் இரு போக்குகளை அவதானிக்கலாம். ஒன்று தாராண்மைவாதச் சீர்திருத்த நோக்கு. பிரெஸ்பிற்றேரியன் போதகரான ஜாக் வெல்லர் 1965 இல் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க சான்று. மலைமக்களின் வறுமைக்கு அவர்களுடைய விதிநம்பிக்கையும் பழமைப் பிடிப்பும் காரணம் என்னும் கருத்தை அது பரப்பியது. நிலத்தடி உரிமைகளை யார், என்ன விலைக்கு வாங்கினர் என்பது அதில் உரிய இடம் பெறவில்லை. விளைவைக் காரணமாக்கும் இவ்வாய்வு முறை எமக்குப் புதியதன்று.

மற்றையது பரபரப்பு நோக்கு. மாற்கு சுவிசேஷத்தின் 16 ஆம் அதிகாரத்தை எழுத்தெண்ணிப் பொருள்கொண்டு, ஆராதனையில் நச்சுப் பாம்பைக் கையிலெடுக்கும் சபைகள் 1910 அளவில் ரெனசி மாநிலத்தில் தோன்றின. அவ்வழக்கத்தைப் பரப்பியவருள் முதல்வரான ஜோர்ஜ் ஹென்ஸ்லி 1955 இல் பாம்பு கடித்தே இறந்தார். எண்ணிக்கையில் மிகச் சிறிய இச்சபைகளை அப்பலாச்சிய மதத்தின் முழு உருவமாகப் பத்திரிகைகள் காட்டின. பீற்றர் அடேர் 1967 இல் மேற்கு வேர்ஜீனியாவில் எடுத்த விவரணப்படம் இதற்கு விலக்கு. அதில் பாம்பைவிட மனிதரின் முகங்களே மனத்தில் நிற்கின்றன.

கென்டக்கிச் சட்டசபை 1940 இல் ஆராதனையில் பாம்பெடுப்பதைத் தடைசெய்தது. சுரங்கக் காற்றில் கலந்திருக்கக்கூடிய கரித்தூசிக்கு நாடளாவிய வரம்பு விதிக்கப்பட 1969 வரை செல்லவேண்டியிருந்தது. அதுவும் 1968 இல் பார்மிங்ரன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்ட பின்னரே, கருநுரையீரல் நோயால் வாடிய தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே. ஞாயிற்றுக்கிழமை மரணம் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. வாரநாள் மரணம் தெரியவில்லை.

5

இனி எமது தரப்பின் தவறுக்கு வருவோம். வட கரோலினாவின் காஸ்ரோனியாவில் 1929 இல் நடந்த நெசவாலை வேலைநிறுத்தத்தை ஆராய்ந்து லிஸ்ரன் போப் 1942 இல் எழுதிய நூல், ஆலை முதலாளிகளின் பணத்தில் வாழ்ந்த குருமார் எவ்வாறு வேலைநிறுத்தத்தைக் கைவிட்டனர் என்பதை நிறுவிற்று. அந்நூலை மட்டும் படிப்போர், மதம் எங்கும் முதலாளியின் கருவி என முடிவு செய்வர். ஆனால் டுவைற் பில்லிங்ஸ் 1990 இல், கிராம்சியின் கருத்துகளை அடியொற்றி, நெசவாலைத் தொழிலாளரையும் நிலக்கரித் தொழிலாளரையும் ஒப்பிட்டார். நிலக்கரி முகாம்களில் கம்பனிக்குக் கட்டுப்படாத சுரங்கத் தொழிலாளப் பிரசங்கிகள் இருந்தனர். அவர்களே பலவிடத்துச் சங்கத் தலைவர்களாகவும் விளங்கினர். மதநம்பிக்கை ஏறத்தாழ ஒன்றே. அதன் நிறுவனத் தளம் வேறு. எனவே அரசியல் விளைவும் வேறு.

ஹார்லன் கவுண்டியில் 1931 மே 5 ஆம் நாள் எவாட்ஸ் என்னுமிடத்தில் நடந்த மோதலில் நால்வர் இறந்தனர். அதே ஆண்டு, சங்க அமைப்பாளர் ஒருவரின் மனைவியான புளோரன்ஸ் றீஸ், ஷெரிப்பின் ஆட்கள் தம் வீட்டைச் சோதனையிட்டுச் சென்றபின், சுவர் நாட்காட்டித் தாளில் ஒரு பாட்டெழுதினார். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று வினவும் அப்பாடல் பின்னர் உலகெங்கும் தொழிலாளர் கூட்டங்களில் ஒலித்தது. அதன் மெட்டு ஒரு பப்டிஸ்ட் ஞானப்பாட்டினது. தம் சபையில் கற்ற இசையைத் தவிர வேறொன்றும் அவர் கையில் இருக்கவில்லை, அதுவே போதுமானதாயிருந்தது.

கம்யூனிஸ்ட் தலைமையிலான தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1931-32 இல் அங்கு பணியாற்றியபோது, சங்கத்தில் சேர்ந்து போராடியவர்களுள் பிரசங்கிகளும் இருந்தனர். கம்பனிகளும் பத்திரிகைகளும் தலைமையின் நாத்திகத்தை விளம்பரப்படுத்தின. பிரசங்கிகள் சிலர் பகிரங்கமாக விலகினர், போராட்டம் சிதைந்தது. அடக்குமுறையும் பசியும் அதன் தோல்விக்கு முதற் காரணங்கள் என்பதை மறுக்கவியலாது. எனினும், பசியோடு போராட ஆயத்தமாயிருந்த மனிதரின் பாட்டை ஏற்று, பாடும் காரணத்தை இகழ்ந்தால் அவர்கள் எங்கே செல்வர்? புளோரன்ஸ் றீசின் மெட்டை எடுத்துக்கொண்டவர்கள், அம்மெட்டுப் பிறந்த இடத்தை விளங்கிக்கொள்ள முயலவில்லை.

6

புனைகதையில் இவ்விளக்கம் எவ்வாறு கைகூடியது என்பதற்கு ஜேம்ஸ் ஸ்ரில் 1940 இல் வெளியிட்ட 'மண்ணின் நதி' என்னும் நாவல் நல்ல சான்று. கென்டக்கியின் நொட் கவுண்டியில் வாழ்ந்த அவர், ஒரு சிறுவனின் வாயிலாக அக்கதையைச் சொல்கிறார். தந்தை சுரங்கத்தை நாடுபவர். தாய் ஓரிடத்தில் நிலைத்துப் பயிர் செய்ய விரும்புபவள். சுரங்கம் திறக்கும்போது குடும்பம் முகாமுக்குச் செல்கிறது; மூடும்போது பட்டினியோடு வெளியேறுகிறது. நாவலின் தலைப்பு, சிம் மொபர்லி என்னும் மலைப் பிரசங்கியின் வாயிலிருந்து வருகிறது. உறுதியாக நிற்பதாய்த் தோன்றும் மலைகளே அலைகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன, மனிதர் அவ்வோட்டத்தில் எங்கே போகின்றனர் என அவர் வினவுகிறார்.

விதிநம்பிக்கையின் குரலாக இதனைக் கேட்போர் உளர். ஆனால், எந்தக் கணத்திலும் முகாமைவிட்டுத் துரத்தப்படக்கூடிய ஒரு குடும்பத்துக்கு நிலையாமை என்பது தத்துவமன்று, அன்றாடச் செய்தி. பிரசங்கியின் படிமம் அச்செய்திக்குப் பிரபஞ்ச அளவு தருகிறது. அதன் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஸ்ரில்லும் சொல்லவில்லை. ஓராண்டு முன்னர் வெளிவந்த ஸ்ரைன்பெக்கின் நாவலில் நிலவும் வெளிப்படையான கோபம் இங்கில்லை. நாம் இதனை ஒரு குறையாகவே கருதுகிறோம். ஆயினும், மக்களின் பேச்சையும் பிரசங்கத்தையும் கேலியின்றிக் கேட்ட செவியின் பெறுமதியை அக்குறை அழித்துவிடவில்லை.

7

காரணத்தைச் சொல்லும் பொறுப்பு முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் மக்களிடமே வந்தது. 1972 பெப்ரவரி 26 ஆம் நாள், மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ ஓடையில் பிற்ஸ்ரன் கம்பனியின் துணை நிறுவனமொன்று சுரங்கக் கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் மாண்டனர். கம்பனித் தரப்பு அதனைக் கடவுளின் செயல் என வர்ணித்தது. சமூகவியலாளர் கை எரிக்சன் 1976 இல் எழுதிய நூல், உயிர்தப்பியோர் அச்சொல்லால் எவ்வளவு சினமுற்றனர் என்பதைப் பதிவுசெய்கிறது. கடவுளை நம்பியவர்களுக்கு அது தேவநிந்தனையாகப் பட்டது. அணையைக் கட்டியவர் யார் என்பதை அவர்கள் அறிவர், அவர் கடவுளல்லர். விதிநம்பிக்கையுடையோர் எனப்பட்ட மக்கள், விதியின் பெயரால் பேசிய மூலதனத்தைத் தம் மதத்தின் மொழியிலேயே மறுத்தனர்.

இதிலிருந்து அம்மதம் புரட்சிகரமானதென நாம் முடிவு செய்யவில்லை. பெண்கள்மீதான கட்டுப்பாடு, இனப் பாகுபாட்டின் முன் மௌனம், மறுமையை நோக்கிய ஒதுக்கம் ஆகியன அச்சபைகளின் வரலாற்றில் மெய்யானவை. சுரங்க வேலை அருகிவிட்ட இன்று, அப்பிரதேசத்தின் நிலை வேறு. 1996 இல் சந்தைக்கு வந்த ஒக்ஸிகொன்டின் என்னும் வலிநிவாரணி முன்னாள் நிலக்கரி ஊர்களைச் சூறையாடியது. அதனைத் தயாரித்த கம்பனி, தவறான தகவலுடன் அம்மருந்தை விற்றமைக்காக 2007 இல் வேர்ஜீனியாவின் மலையூரொன்றின் நீதிமன்றத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபின் இங்கு உவமையாக இருக்கவில்லை. பெட்டிகளில் அடைத்து விற்கப்பட்டது. அதிலிருந்து மீள முயல்வோர் வாரந்தோறும் கூடும் இடங்களுள் சிறு தேவாலயங்களும் உள்ளன.

மார்க்சின் உவமையை அரைகுறையாகப் படித்தவர்களுக்கு இந்நிலை ஒரு வினாவை எழுப்புகிறது. துன்பத்தை விற்போர் யார், துன்பத்தைப் பாடுவோர் யார் என வேறுபடுத்தி அறியாத ஆய்வு, எவ்வளவு கடுமையான சொற்களைக் கையாண்டாலும், மக்களின் பக்கம் நிற்கும் ஆய்வாகாது.