தொட்டறியும் கோல்

தொழிற்பேட்டைகளில் உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத விரிசலை அறுக்காமலே மின்சோதனையில் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் போலார்டெக்னிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ட்ரூஸ்கிரீன் என்னும் கோல், அந்த வித்தையைக் கருப்பை வாயில் செய்கிறது. கோலின் நுனி பட்டதும் மெல்லிய மின்துடிப்பு பாயும். ஒளி திசுவில் சிதறித் திரும்பும். செல்கள் புற்றை நோக்கித் திரும்பினால் மின்னைக் கடத்தும் விதமும் ஒளியைச் சிதறடிக்கும் விதமும் மாறிவிடும். இரண்டையும் சேர்த்துப் படித்து, கருவி அங்கேயே முடிவு சொல்கிறது. வெட்டுமில்லை, ஆய்வகத் தாளுக்கான காத்திருப்புமில்லை.

இப்படி முன்பே கண்டறிவது உயிர் காக்கும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1,50,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்ததிலேயே கருப்பைவாய்ப் புற்று மரணம் 31 சதவீதம் குறைந்தது. எளிய சோதனைக்கே இத்தனை பலம். ட்ரூஸ்கிரீன் கோலின் அழகு அதன் அடக்கம்: நோயைத் தீர்ப்பாகச் சொல்லாது, மேல் பரிசோதனை தேவையா என்று மட்டும் சொல்லும்.