நிறுத்தும் அதிகாரம்

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில், போபால் நகரத்து யூனியன் கார்பைடு தொழிற்சாலையினின்று வெளிப்பட்ட மெத்தில் ஐசோசயனேட் வாயு ஆயிரக்கணக்கானோரின் பிராணனைப் போக்கியபின், எஞ்சியோரின் தேகத்தில் அவ்விஷம் என்னென்ன செய்கிறதென்று ஆராயும் பொறுப்பை மத்திய அரசைச் சார்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்றது. ஏறத்தாழ 80,000 பேரைப் பதிவுசெய்து, வாயு எட்டாத பேட்டைகளின் மக்களோடு ஒப்புநோக்கி, ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் காரியம் தனியொரு பல்கலைக்கழகத்துக்குச் சாத்தியமன்று. ஆராய்ச்சியில் அரசு தலையிடவே கூடாதென்று பொத்தாம்பொதுவாகப் பேசுவோர் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அதே அரசுதான், 1985-இல் இயற்றிய சட்டத்தின் பலத்தால் பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் தானே ஏகப் பிரதிநிதியாக நின்று வழக்காடி, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசமும் செய்துகொண்டது. விஞ்ஞானிகளின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. தொகை முடிவானபின் வெளிவரும் ஒவ்வொரு புதிய வியாதியும் சமரசம் செய்தவர்க்குச் சங்கடமே என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

1994-இல் கவுன்சில் தன் ஆய்வுகளை முடித்துக்கொண்டது. ஆராய்ச்சியில் முன்னுரிமை என்றவுடன் எந்த வினாவை எடுப்பதென்றே நாம் விவாதிக்கிறோம். எடுத்த வினாவை எப்போது கைவிடுவதென்ற நிர்ணயமோ, அதனினும் பெரிய அதிகாரமாயிருந்தும், விவாதத்துக்கு வராமலே போகிறது. விபத்தன்று கருவிலிருந்த பெண்குழந்தைக்கு அப்போது வயது 9. அவள் தாயாவதில் தடை நேருமா, அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வருமா, நடுவயதில் புற்றுநோய் தலைகாட்டுமா என்பனவற்றுக்கு, காத்திருந்து பார்த்தாலன்றி எத்தகைய மேதையாலும் விடை கூற இயலாது. மாநில அரசின் நிறுவனமொன்று பணியை ஓரளவு தொடர்ந்தது உண்மையே. ஆனால் 1994 வரையிலான நெடுங்கால ஆய்வின் அறிக்கை அச்சேறியது 2004-இல். போபாலில் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது 2010-இல், அதுவும் அதே கவுன்சிலின் கீழ். இடையிலே பதிவேட்டில் பெயரிருந்தோர் பலர் இறந்தும் இடம்பெயர்ந்தும் போயினர். அவர்களை எந்த மானியமும் மீட்டுத் தாராது.

ஆகவே, பணம் தருவதும் ஆராய்ச்சியைத் தொடங்குவதும் அரசின் கையிலேயே இருக்கட்டும். நிறுத்துவதற்கு மட்டும், வழக்கில் பங்கில்லாத வைத்திய நிபுணர்களும் பதிவேட்டில் உள்ளோரின் பிரதிநிதிகளும் அடங்கிய ஒரு சபையின் சம்மதம் வேண்டும். நிறுத்தியதற்கான காரணமும் நிறுத்திய ஆண்டிலேயே அச்சில் வெளிவர வேண்டும்.