சூசையப்பர் வேடத்துக்குச் சிறுவர் இல்லையா?

கிறிஸ்து பிறப்பு விழா நாட்டிய நாடகங்களில் சூசையப்பராகவும் ஏரோதாகவும் தாடி ஒட்டிய சிறுமியரையே மில்லர்புரம் போன்ற நம் ஊர்களில் பெரும்பாலும் காண்கிறோம். ‘பையன்கள் நடனம் கற்க வருவதில்லை’ என்பதே ஆசிரியைகள் கூறும் விடை. அவர்கள் திறம்பட ஆடினாலும், பார்ப்போர்க்கு ஒரு குறை தோன்றவே செய்கிறது.

இக்குறை பழையது. நட்டுவனார்களில் பெரும்பாலோர் ஆண்களாயிருந்தும், சதங்கை கட்டி ஆடுவது பெண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, சிறுவரையும் மாணவராக ஏற்றார். 1953இல் கேரளத்திலிருந்து வந்து சேர்ந்த தனஞ்சயனுக்கு அப்போது வயது 14. பின்னாளில் அவர் தம் மனைவி சாந்தாவுடன் ஆடிய இணையாட்டம் பெரும்புகழ் பெற்றது.

இணையாட்டத்தில் ஆணின் வலிமை தன்னை அடக்கி, உடனாடுபவரின் தாளத்துக்கும் மூச்சுக்கும் இடங்கொடுக்கிறது. முத்துக்குளிப்பில் மூழ்கியவரின் உயிர், படகில் கயிறு பிடித்தவரின் கவனத்தில் இருந்தது. இதை நம் கடற்கரை நன்கறியும். நடன வகுப்பு கற்பிப்பதும் அத்தகைய கவனத்தையே.

ஆட விரும்பும் மகனைப் ‘பெண்பிள்ளை போல’ என்று நகைக்கும் வீடு, இப்பாடத்தை அவனுக்கு மறுக்கிறது. மேடையில் நாம் காணும் வெற்றிடம் வீட்டில்தான் தொடங்குகிறது. அதை நிரப்ப வேண்டியவர்களும் பெற்றோரே.