எஸ்தோனியாவின் கற்கள்

எஸ்தோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2001-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றதால், அடுத்த ஆண்டு அதைத் தலைநகர் தாலினில் நடத்தும் பொறுப்பு வந்தது. வருகிறவர்களுக்கு நாட்டை அறிமுகப்படுத்த, லண்டன் நிறுவனம் ஒன்று வரைபட உருவில் 'எஸ்தோனியாவுக்கு வரவேற்கிறோம்' என்ற சின்னத்தை வடித்துக் கொடுத்தது.

2017-இல் வந்த புதிய காட்சி அடையாளம் உள்ளூர் வடிவமைப்பாளர்களின் படைப்பு. அதில் தனிச் சின்னமே கிடையாது. அந்த இடத்தில் கற்கள் இருக்கின்றன. பனியூழியில் பனியாறுகள் வடக்கிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட பெரும்பாறைகள் அந்நாட்டுக் கடற்கரையிலும் காட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் வடிவங்களை வெட்டியெடுத்து, படத்தின் மீதோ சொல்லின் அருகிலோ வைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே கல் வேண்டும் என்ற கட்டாயமில்லை. கல்லையா நாட்டின் முகமாக்குவது என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும் வழவழப்பான சின்னங்களைவிட இந்தக் கல் எவ்வளவோ மேல்.

எழுத்துருவும் சொந்தமானது. ஆன்டன் கோவித் வடிவமைத்த அதன் பெயர் ஐனோ. தலையில் அலைக்கோடும் புள்ளிகளும் சுமக்கும் எஸ்தோனிய உயிரெழுத்துகள் இதில் ஒட்டுப்போட்டவைபோலத் துருத்துவதில்லை. எழுத்துரு, படங்கள், வழிகாட்டிக் குறிப்புகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. எஸ்தோனியாவைப் பற்றிப் பேச விரும்பும் சிறு நிறுவனமும் எடுத்தாளலாம்.

அமைச்சகங்களின் வழி வேறு. அவற்றின் முகப்பில் அரசு இலச்சினையின் மூன்று சிங்கங்கள் நீல நிறத்தில் நிற்கின்றன.